கிட்டார்க்காரர் கதையைப் பேரனுக்கு ஏன் கொடுத்தேன்?

இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். காரணம் ஒரு போட்டோ. பிளஸ் டூ படிக்கும் என் பேரன் திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை போனை வைத்துவிட்டுப் புத்தகம் பிடித்திருக்கிறானே என்ற சந்தோஷத்தில் மகள் அதை எடுத்துக் குழுவில் போட்டாள். என் தம்பி அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் எழுதிய 'லைஃப்'. உடனே எனக்கு வந்தது கேள்வி: "அக்கா, போதையில கெடந்தவன் கதையெல்லாம் பிளஸ் டூ பையனுக்குக் கொடுக்கியே, நீ டீச்சர்தானா?"

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவள் நான். குழுவில் நாலு வரியில் பதில் சொன்னால் சண்டைதான் வளரும். அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பியும் இதைப் படிப்பான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பேரனுடைய கிட்டார் ஜூலை மாதத்திலிருந்து பரணில் இருக்கிறது, பழைய போர்வையில் சுற்றி. பரீட்சை முடிகிற வரைக்கும் கீழே இறக்கக் கூடாது என்று அவன் அப்பாவின் உத்தரவு. அவனோ இன்ஜினியரிங் வேண்டாம், இசை படிக்கப் போகிறேன் என்கிறான். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் யாரோடும் பேசுவதில்லை. "நீங்க சொன்னா கேப்பான், புத்தி சொல்லுங்கம்மா" என்றாள் மகள். பதினேழு வயதுப் பையனுக்குப் புத்தி சொல்லி அவன் கேட்டதாக என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அதனால் புத்தகம் கொடுத்தேன்.

இந்தப் புத்தகங்கள் என்னிடம் வந்தது தனிக் கதை. நான் ஓய்வு பெற்ற பிறகு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் உயிரை வாங்கிய ஒரு மாணவன் அமெரிக்காவிலிருந்து வருடத்துக்கு இரண்டு பார்சல் அனுப்புகிறான். எல்லாம் பாட்டுக்காரர்களின் வாழ்க்கைக் கதைகள். உண்மையைச் சொன்னால் அவர்கள் பாட்டில் பாதி எனக்குப் பிடிக்காது. சுசீலாம்மா குரலில் வளர்ந்த காது இது. ஆனால் புத்தகங்கள் வேறு விஷயம். பதினைந்துக்கு மேல் படித்துவிட்டேன். சில குப்பை. சில, நான் பாடம் நடத்திய காலத்திலேயே கிடைத்திருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தவை.

முதலில் தம்பி கேட்ட கீத் ரிச்சர்ட்ஸ். 'லைஃப்' 2010-ல் வந்தது. ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளர் உடனிருந்து எழுத உதவினார். அதில் கஸ் டுப்ரீ என்று ஒரு தாத்தா வருகிறார், கீத்தின் அம்மாவுடைய அப்பா. ஏழு பெண்களைப் பெற்றவர், நடனக் குழுவில் வாசித்தவர். அவர் வீட்டில் பியானோவுக்கு மேலே ஒரு கிட்டார் இருக்கும். பையனுக்கு எட்டாது. எடுத்துக்கொள் என்று தாத்தா சொல்லவும் மாட்டார், தொடாதே என்று தடுக்கவும் மாட்டார். பையன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். உயரம் வந்து கை எட்டியபோதுதான் எடுத்துக் கையில் கொடுத்து ஒரு ஸ்பானிய மெட்டைப் பழகச் சொன்னார். அந்தக் கிட்டார் எப்போதும் அங்கே இருந்ததில்லை, பேரன் வருகிறான் என்று தெரிந்தால் மட்டுமே தாத்தா அதை எடுத்து மேலே வைப்பார் என்பது கீத்துக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிகிறது. பி.எட். படித்தபோது கற்பித்தல் முறைகள் என்று எத்தனையோ மனப்பாடம் செய்தேன். இதற்குப் பக்கத்தில் எதுவும் வராது. எங்கள் வீட்டிலும் கிட்டார் உயரத்தில்தான் இருக்கிறது. நோக்கம் மட்டும் வேறு.

அடுத்து அந்தப் புத்தகத்தில் நிறைந்து கிடப்பது உழைப்பு. 1961-ல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரைப் பார்க்கிறார். அவர் கையிடுக்கில் சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அதிலிருந்து நட்பு. அடுத்த வருடம் லண்டனில் குளிர் நடுக்கும் ஒரு அழுக்கு வீட்டில், சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு, அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்துப் பிரித்துப் பழகுகிறார்கள். பின்னாளில் கிட்டாரின் ஆறு தந்தியில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் வேறு விதமாகச் சுருதி கூட்டி வாசிக்கக் கற்றதைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார். எனக்கு அதில் கால்வாசிதான் புரிந்தது. பேரன் அந்தப் பக்கங்களில் பென்சில் கோடு போட்டிருக்கிறான். (என் புத்தகத்தில் கோடு போடுவது பற்றி அவனிடம் தனியாகப் பேசியாயிற்று.)

போதை? இருக்கிறது, தம்பி. நிறையவே இருக்கிறது. சில இடங்களில் அந்த மனிதர் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே புத்தகத்தில் 1976 வருகிறது. ஐரோப்பா முழுக்கக் கச்சேரி. தாயும் இரண்டு மாதக் கைக்குழந்தையும் சுவிட்சர்லாந்தில். ஏழு வயதுகூட நிரம்பாத மூத்த மகன் மார்லன் அப்பாவோடு ஊர் ஊராக. போதையில் தூங்குகிற அப்பாவை எழுப்பிக் கச்சேரிக்கு அனுப்புவது அந்தப் பிள்ளையின் வேலை, ஏனென்றால் பெரியவர்கள் யாருக்கும் பக்கத்தில் போக தைரியம் இல்லை. பாரிஸில் இருக்கும்போது கைக்குழந்தை இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அன்று இரவும் மேடையேறினார். குழந்தையை விட்டுவிட்டு வந்தோமே என்ற குற்ற உணர்ச்சி இன்னும் தன்னை விடவில்லை என்கிறார்.

பேரன் அந்த இடத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆச்சி, அந்தச் சின்னப் பையன் பள்ளிக்கூடம் போகலையா?" போதை ஒழிப்பு தினத்துக்கு ஊர்வலம் கூட்டிப் போய், கோஷம் போட வைத்து, கட்டுரைப் போட்டி நடத்தி, ஒரு பிள்ளையிடமிருந்தும் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

அடுத்து ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். புத்தகம் 'பார்ன் டு ரன்', 2016. ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பாட்டில் ஆர்வம் இல்லாத அப்பாக்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்ட் என்ற சிற்றூர். அம்மா வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். அப்பா ஃபோர்டு தொழிற்சாலை, சிறைக் காவலர், பஸ் டிரைவர் என்று எந்த வேலையிலும் நிலைக்காதவர். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடுக்களை மேசையில் பீரும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருப்பார். பையன் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் அந்த இருட்டைக் கடந்துதான் வர வேண்டும். அப்பாவுக்கு இருந்தது மனநோய் என்பது வெகுகாலம் கழித்துத்தான் குடும்பத்துக்குத் தெரிகிறது. அதற்குள் மகனின் இளமை முடிந்துவிட்டது.

ஏழு வயதில் டிவியில் எல்விஸைப் பார்த்துவிட்டு அடம்பிடித்த பையனுக்கு அம்மா கிட்டார் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். கை சின்னது, வரவில்லை, திருப்பிக் கொடுத்தாயிற்று. பதினைந்து வயது வாக்கில் அவனே கூலி வேலை செய்து 18 டாலருக்கு ஒன்று வாங்கினான். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அம்மா 60 டாலர் கடன் வாங்கி நல்ல கிட்டார் வாங்கித் தந்தார். மாதச் சம்பளத்தில் அறுபது டாலர் கடன் வாங்குவது என்ன என்று என் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு எட்டு வருடம் மதுக்கடைகளிலும் கல்லூரிகளிலும் கடற்கரை விடுதிகளிலும் வாசிப்பு. முதல் ஆல்பம் 1973. அதுவும் விற்கவில்லை, அடுத்ததும் விற்கவில்லை. மூன்றாவதும் ஓடாவிட்டால் கம்பெனி கைவிட்டுவிடும் என்ற நிலையில் ஒரே ஒரு பாட்டுக்கு ஆறு மாதம் செலவழித்தார். 1975 அக்டோபரில் டைம், நியூஸ்வீக் இரண்டின் அட்டையிலும் ஒரே வாரத்தில் அவர் முகம். பேரா, இதில் நீ எண்ண வேண்டியது அட்டைப்படத்தை இல்லை, அந்த எட்டு வருடத்தை.

அறுபது வயதுக்கு மேல், உலகமே கொண்டாடும் நிலையில், படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வு தனக்கு வந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். மருத்துவரிடம் போனதையும் மருந்து சாப்பிட்டதையும் சொல்கிறார். நம் குடும்பத்திலேயே இந்த நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். "அவ கொஞ்சம் அப்படித்தான்" என்று நாம் எத்தனை வருடம் ஓட்டினோம்?

புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. 1990-ல் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதல் பிள்ளை பிறக்கப் போகிற சமயம். அப்பா, சொல்லாமல் கொள்ளாமல், நூற்றுக்கணக்கான மைல் காரை ஓட்டிக்கொண்டு மகன் வீட்டுக்கு வருகிறார். காலையிலேயே பீரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ எங்களுக்கு நல்லபடியாக நடந்துகொண்டாய், நான் உனக்கு அப்படி நடந்துகொள்ளவில்லை என்ற பொருளில் அப்பா ஒரு பேச்சு சொல்கிறார். அவ்வளவுதான். மகனுக்கு அது போதுமாக இருந்தது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பாடம் நடக்கும்போது பெஞ்சில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். இரண்டு தரம் எச்சரித்தேன். மூன்றாவது தரம் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். அப்பா வந்தார். வராந்தாவில், பிள்ளைகள் எல்லாம் பார்க்க, பெல்ட்டைக் கழற்றி அடித்தார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஒழுங்கு வரட்டும் என்று நின்றேன். அதற்குப் பிறகு அவன் தாளம் போடவில்லை, வகுப்பில் வாய் திறக்கவும் இல்லை. அந்தப் பையன் இந்தப் பதிவைப் பார்க்கிறானா என்று தெரியாது. பார்த்தால், நான் செய்தது தப்பு, தம்பி.

"நம்ம ஊர்ல படிக்க ஆளே இல்லையா பெரியம்மா?" என்று குழுவில் ஒரு மருமகன் கேட்டிருந்தார். இருக்கிறார். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எடுத்துப் பாருங்கள். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்ததும், தமிழ் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்காததால் சங்கீதத்தை நிறுத்தியதும் அதில் இருக்கிறது. அவர் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, பெரும் பக்தி. நமக்கும் நஷ்டமில்லை, சங்க நூல்கள் அச்சில் கிடைத்தன. ஆனாலும் சுமார் எழுபது வருடம் கழித்து எழுதும்போதும் அந்த விஷயத்தை விட்டுவிடாமல் எழுதியிருக்கிறாரே, கவனித்தீர்களா?

பெண்பிள்ளைகளுக்கு மூன்று புத்தகம் சொல்கிறேன்.

பேட்டி ஸ்மித் எழுதிய 'ஜஸ்ட் கிட்ஸ்'. 2010-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது. 1967-ல் கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து, புத்தகக் கடையில் வேலை பார்த்து, ராபர்ட் மேப்பிள்தார்ப் என்ற இளைஞனோடு வாழ்ந்த கதை. ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கப் பணம் இருக்காது. ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வெளியே நிற்பவருக்கு வர்ணிப்பார். பின்னாளில் இவர் பாடகி, அவர் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1989-ல் ராபர்ட் எய்ட்ஸ் நோயில் இறக்கும் முன், நம் கதையை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதை நிறைவேற்ற இருபது வருடம் பிடித்தது. இவ்வளவு சுத்தமான மொழியில் பாட்டுக்காரர் யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆண் பெண் உறவு, ஆண்களுக்குள் உறவு எல்லாம் வரும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொண்டே படியுங்கள்.

டினா டர்னரின் 'ஐ, டினா', 1986. கணவனே குழுத் தலைவன், கணவனே அடிக்கிறவன். 1976-ல் டல்லஸ் நகரத்தில், முகத்தில் ரத்தக் காயத்தோடு, ஹோட்டலை விட்டு ஓடியபோது அவர் கையில் இருந்தது 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் கார்டும். விவாகரத்தில் சொத்து எதுவும் கேட்கவில்லை, மேடைப் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுபடி உச்சிக்கு வந்தது 1984-ல், நாற்பத்து நான்கு வயதில். இன்பாக்ஸில் என்னிடம் அழுகிற இரண்டு மூன்று மாணவிகளுக்கு இதை முன்பே சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது, லண்டனில் 'ஸ்லிட்ஸ்' என்ற பெண்கள் குழுவில் வாசித்த விவ் ஆல்பர்ட்டீன், 2014-ல் எழுதியது. பாட்டி விட்டுப் போன 200 பவுண்டில் முதல் கிட்டார் வாங்கியவர். குழு உடைந்த பிறகு இருபத்தைந்து வருடம் கிட்டாரைத் தொடவில்லை. கல்யாணம், குழந்தைக்காக வருடக்கணக்கில் சிகிச்சை, குழந்தை பிறந்ததும் புற்றுநோய். ஐம்பது வயதில் மறுபடி கிட்டாரை எடுத்து, சின்ன மதுக்கடைகளில் நடுங்கும் கையோடு வாசிக்கிறார். புத்தகத்தின் முதல் பாதியில் லண்டன் பையன்கள் அலப்பறை அதிகம். இரண்டாம் பாதி நம் வீட்டுப் பெண்களின் கதை.

எல்லாமே நல்ல புத்தகம் இல்லை. மாட்லி க்ரூ குழுவின் 'தி டர்ட்' படித்தேன். பாதிக்கு மேல், யாரை எப்படிக் கெடுத்தோம் என்ற சவடால். அதைப் பேரனுக்குக் கொடுக்க மாட்டேன், தம்பி. நீ பயப்படுகிற புத்தகம் அதுதான். பாப் டிலனின் 'கிரானிக்கிள்ஸ்' அழகான எழுத்து, ஆனால் அந்த மனிதர் சொல்வதை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எரிக் கிளாப்டன் நடுவில் நிற்கிறார். தாத்தா பாட்டியைப் பெற்றோர் என்றும் பெற்ற தாயை அக்கா என்றும் நம்பி வளர்ந்த குழந்தை, ஒன்பது வயதில் உண்மை தெரிகிறது. குடியை 1987-ல் விட்டார். நான்கு வருடம் கழித்து நான்கு வயது மகன் உயரமான கட்டிடத்தின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். அப்போதும் பாட்டிலைத் தொடவில்லை. பிறகு ஆன்டிகுவா தீவில் குடிநோயாளிகளுக்கு மறுவாழ்வு மையம் தொடங்கினார். குடியை விட்ட நம் உறவுக்காரர்களுக்கு இந்தப் பகுதி உதவும். ஆனால் 1976-ல் பர்மிங்ஹாம் மேடையில் குடிவெறியில் குடியேறிகளைக் கேவலமாகப் பேசினாரே, அதைப் புத்தகத்தில் லேசாகத் தாண்டிப் போகிறார். கறுப்பினக் கலைஞர்களின் இசையில் வாழ்க்கை கண்டவர் அப்படித் தாண்டக் கூடாது.

இந்த இடத்தில்தான் அடுத்தவர் எழுதுகிற வரலாறு தேவைப்படுகிறது. யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று கேட்கச் சொல்லி உங்களுக்கு நான் நடத்தியது ஞாபகம் இருக்கும். பீட்டர் குரால்னிக் எல்விஸைப் பற்றி இரண்டு பாகம் எழுதினார். முதல் பாகம் 1958 வரை, ஏறுமுகம். இரண்டாம் பாகம் இறங்குமுகம். எல்விஸ் 1977-ல் 42 வயதில் இறந்தார். தெருவில் வாங்கிய போதையால் அவர் உடம்பு கெடவில்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மாத்திரைகள், ஆயிரக்கணக்கில். சுற்றி இருந்த அத்தனை பேரும் அவர் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள், வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மார்க் லூயிசன் பீட்டில்ஸ் பற்றி எழுதிய 'ட்யூன் இன்' தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். அது முடிகிற இடம் 1962, அவர்கள் உலகப் புகழ் அடைவதற்கு முன். ஹாம்பர்க்கில் சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால் படுத்துத் தூங்கி, இரவு முழுக்க வாசித்த பையன்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது பதினேழு வயது, என் பேரன் வயது. வயது போதாது என்று நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது தம்பிக்கு. பேரன் இன்ஜினியரிங் படிப்பானா இசை படிப்பானா என்பதை நான் முடிவு செய்யவில்லை. அது அவன் அப்பா அம்மாவோடு பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் அவன் எதைக் கேட்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். எட்டு வருட மதுக்கடை வாசிப்பும், குளிரடிக்கும் வீடும், பள்ளிக்கூடம் போகாத அந்த மார்லனும் சேர்ந்ததுதான் அது. நான் சொன்னால் அது கிழவி புலம்பல். கீத் ரிச்சர்ட்ஸ் சொன்னால் அவன் கேட்கிறான். 'லைஃப்' முடித்ததும் ஸ்பிரிங்ஸ்டீனை எடுத்துக் கொடுப்பேன். மாப்பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று, அவர் படுக்கையருகே வைத்திருப்பதாக மகள் சொன்னாள். திறந்தாரா என்று கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். 'ஜஸ்ட் கிட்ஸ்' இரண்டு பிரதி இருக்கிறது. 'ஐ, டினா' ஒரு மாணவியிடம் போய் எட்டு மாதம் ஆகிறது, யாரென்று அவளுக்குத் தெரியும். கோடு போடக் கூடாது, அட்டையை மடக்கக் கூடாது, நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.